எலுமிச்சை வெர்பெனா தேநீர்: மணம் குறையாமல் தயாரித்த என் அனுபவம்

இரவு உணவுக்குப் பின் ஏற்படும் வயிற்று உப்புசத்துக்காக எலுமிச்சை மணம் வீசும் செடியான எலுமிச்சை வெர்பெனாவின் இலைத் தேநீரை அருந்தத் தொடங்கியபோது, நிறம் நன்றாக இறங்கினாலும் மணம் மட்டும் கோப்பைக்கு வந்து சேரவில்லை. அம்மணத்துக்கு முக்கியக் காரணம் சிட்ரால் என்னும் எளிதில் ஆவியாகும் பொருள்; திறந்த பாத்திரத்தில் இலையைக் கொதிக்கவிட்டால் அது நீராவியோடு வெளியேறிவிடும். எனவே கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும், 200 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை என்ற அளவில் போட்டு, உடனே தட்டால் இறுக மூடி, 5 முதல் 7 நிமிடங்கள் வைத்தேன். தட்டைத் திறந்தபோது, அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நின்ற நீர்த்துளிகளிலேயே எலுமிச்சைத் தோலின் வாசம் வீசியது. அத்துளிகளையும் கோப்பைக்குள்ளேயே விழச் செய்வது இப்போது என் வழக்கம். பச்சை இலையானால் கூடுதலாக எடுத்து, லேசாகக் கசக்கிப் போட வேண்டும்.

காஃபின் இல்லாததால் இரவில் அருந்தினாலும் தூக்கம் கெடுவதில்லை. எனக்கு உப்புசமும் தணிந்தது. என்றாலும் இதை மருந்தாகக் கொள்ளாமல், இதமான பானமாகவே கருதுகிறேன். இலையை வாங்கும்போது மட்டும் கவனம் மிகத் தேவை: பெயர் ஒத்திருந்தாலும் வெர்பெனா அஃபிசினாலிஸ் என்பது வேறு செடி, அது கசக்கும், எலுமிச்சை மணமும் இராது, கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பதே நல்லது.