குச்சிப் படம் சொல்லாதவை: திரவப் படிக நிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரவம் போல ஓடினாலும் படிகம் போல ஓரளவு ஒழுங்கு கொண்ட திரவப் படிகங்களைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் காண்பது, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் குச்சிகளின் படம். பயனுள்ள படம்தான். ஆனால் அதையே மூலக்கூறின் முழு வடிவமாகக் கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மூலக்கூறின் வாலை மறப்பது. சயனோபைஃபீனைல் குடும்பத்தைப் பாருங்கள். நடுவில் இரண்டு பென்சீன் வளையங்கள், ஒரு முனையில் சயனோ தொகுதி (கார்பனும் நைட்ரஜனும் இணைந்தது), மறுமுனையில் வாலாக ஒரு கார்பன் சங்கிலி. சங்கிலியில் 5 கார்பன்கள் இருந்தால், சுமார் 24 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை நெமாட்டிக் நிலை மட்டுமே கிடைக்கிறது. மூலக்கூறுகள் ஒரே திசையை நோக்கினாலும் அவற்றின் இடங்களில் ஒழுங்கு இல்லை. 8 கார்பன்கள் என்றால், உருகியதும் அடுக்கடுக்கான ஸ்மெக்டிக் நிலை வருகிறது. சுமார் 33 டிகிரிக்கு மேல்தான் நெமாட்டிக். 10 கார்பன்களில் நெமாட்டிக் காணாமலே போகிறது. ஸ்மெக்டிக் நேராகச் சாதாரணத் திரவமாகிவிடுகிறது. வளையங்களில் ஒரு மாற்றமும் இல்லை. வால் நீள நீள, வளையங்கள் வளையங்களோடும் வால்கள் வால்களோடும் சேர்ந்து அடுக்குகளாகப் பிரிவது எளிதாகிறது. அகலத்தையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் ஒரு தொகுதியைச் சேர்த்தால் அண்டை மூலக்கூறு விலகி நிற்கும், திரவப் படிக நிலை குலையும் வெப்பநிலை பெரும்பாலும் இறங்கும்.

நெமாட்டிக் என்றதும் கச்சிதமான அணிவகுப்பைக் கற்பனை செய்வதும் தவறு. முழு ஒழுங்குக்கு 1 என்று மதிப்பிட்டால், நெமாட்டிக்கின் ஒழுங்கு பொதுவாக 0.3 முதல் 0.7 வரைதான். மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன.

கோல் வடிவம் இல்லாமல் திரவப் படிகம் இல்லை என்ற எண்ணத்தை 1977-இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடன் பணியாற்றியவர்களும் தகர்த்தார்கள். பென்சீனைச் சுற்றி ஆறு சங்கிலிகள் கொண்ட வட்டு வடிவ மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நிற்பதைக் காட்டினார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, வட்டு என்றாலே தூண் நிலை என்று முடிவுகட்ட வேண்டாம். வட்டுகளுக்கும் நெமாட்டிக் நிலை உண்டு.

அடுத்தது நுட்பமான பிழை. இடக்கை வலக்கை வேறுபாடு (கண்ணாடிப் பிம்பத்தோடு ஒன்றிப் பொருந்தாத தன்மை) அமைப்பில் தெரிய, மூலக்கூறிலேயே அந்த வேறுபாடு இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். வளைந்த மூலக்கூறுகள் இதற்குக் கட்டுப்படுவதில்லை. இரண்டு சயனோபைஃபீனைல்களை 7 மெத்திலீன் (CH₂) அலகுகளால் இணைத்தால் முழு மூலக்கூறும் வளைகிறது. நெமாட்டிக் நிலையைவிடக் குறைந்த வெப்பநிலையில் முறுக்கு-வளைவு நெமாட்டிக் என்ற சுருள் அமைப்பு தோன்றுகிறது. மூலக்கூறில் கை வேறுபாடு இல்லை, சுருளில் இருக்கிறது. அலகுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கினால் மூலக்கூறு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. என்னைக் கேட்டால், வடிவத்தின் வலிமையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

கடைசித் தவறு, நிலை மாற வெப்பநிலையை மட்டுமே காரணமாகப் பார்ப்பது. புகையிலைத் தேமல் வைரஸ் சுமார் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் கொண்ட விறைப்பான கோல். நீரில் அதன் செறிவு கூடினாலே திசை ஒழுங்கு பிறக்கிறது. நீண்ட கோல்கள் நெருக்கத்தில் ஒரே திசையில் படுத்தால், ஒவ்வொன்றும் நகர்வதற்கு அதிக இடம் கிடைக்கிறது. கவர்ச்சி விசையே தேவையில்லை என்று 1949-இல் அறிவியலாளர் லார்ஸ் ஆன்சாகர் கணக்கிட்டுக் காட்டினார்.