விபத்தில்லாத நாட்களை எண்ணினால் போதுமா?

"விபத்தில்லாத 200 நாட்கள்" என்ற பலகை பல தொழிற்சாலை வாயில்களில் தொங்குகிறது. அந்த எண்ணையே பாதுகாப்பு என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. பாதுகாப்பு ஆய்வாளர்கள் எரிக் ஹோல்நாகெல், டேவிட் வுட்ஸ் போன்றோர் வளர்த்த மீள்திறன் பொறியியல் கேட்பது வேறு கேள்வி: கெடாமல் நடந்த வேலை, எப்படிக் கெடாமல் நடந்தது?

நான் பார்த்த ஒரு பாய்லர் பிரிவில், நீராவிக் குழாயைத் திறக்குமுன் வடிகால் வால்வை ஐந்து நிமிடம் திறந்து வைக்கவேண்டும் என்று செயல்முறைத் தாளில் இருந்தது. மழைக்காலக் காலைகளில் மூத்த ஆபரேட்டர் பதினைந்து நிமிடம் காத்திருப்பார். தேங்கிய நீர் முழுவதும் வெளியேறாமல் நீராவியை விட்டால், அந்த நீர் சம்மட்டிபோல் குழாயை அறையும். தணிக்கைக்கு வந்தவர் "விதிமீறல்" என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. "ஏன் காத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாளையே திருத்தியிருக்கலாம். விதியை மீறுவதெல்லாம் அனுபவம் என்று கொண்டாடுவதும் ஆபத்துதான். கேட்டறிந்த பிறகே தீர்ப்பு.

"யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்று சுற்றறிக்கை விட்டுவிட்டு, பேசியவரின் வாயை அடைப்பது அடுத்த தவறு. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு. மூடுபனிக்குள் கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியபோது, ஓடுபாதையில் எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இரு விமானங்களும் மோதியதில் இறந்தவர்கள் 583 பேர்.

இதற்கு நேர்மாறானது 1989 ஜூலை 19. அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் சிதறியதில் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. அந்த நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச்சை உள்ளே சேர்த்துக்கொண்டு, எஞ்சின் விசை நெம்புகோல்களை அவர் கையில் ஒப்படைத்தார். மீதமிருந்த இரு எஞ்சின்களின் விசையை ஏற்றி இறக்கியே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிட்டி நகர் வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஒரு கேப்டன் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காமலே வேலையைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கடைசித் தவறு, உபரியை வீண் என்று கருதுவது. சூ சிட்டி மருத்துவமனைகளில் அது ஷிஃப்ட் மாறும் வேளை; இரண்டு ஷிஃப்ட் ஊழியர்களும் ஒருசேர இருந்ததால், காயமடைந்தவர்களைக் கவனிக்க ஆள் இருந்தது. ஷிஃப்ட் ஒப்படைப்புக்கான அரைமணியை வெட்டச் சொல்லும் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், கையெழுத்திடுமுன் அந்த அரைமணியில் போய் நின்று, அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.