பெண்ணுக்குக் காலேஜ் தூரம் என்று முடிவு செய்வதற்கு முன்

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் பையன் பிளஸ் டூ முடித்தால் வீட்டில் "என்ன கோர்ஸ் எடுக்கப் போற?" என்பார்கள். பெண் முடித்தால் "காலேஜ் எவ்வளவு தூரம்?" என்பார்கள். என் அக்கா மகளுக்கும் அதுதான் நடந்தது. கெமிஸ்ட்ரி வேண்டும் என்றாள், பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடலாம் என்றார் மாமா.

தூரத்தைக் கிலோமீட்டரில் பேசாதீர்கள். ஒரு வேலை நாளில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போகும் நேரத்தில் கிளம்பி, மாலை ஐந்தரைக்கு மேல் சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறித் திரும்பி வாருங்கள். பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலில் நிற்கிற நேரத்தையும் சேர்த்து, வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு ஆகிறது என்று எழுதி வையுங்கள். லேப் இருக்கும் நாளில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதை அங்கே படிக்கிற அக்காக்களிடம் கேளுங்கள், ஆபீஸில் கேட்டால் சரியாகத் தெரியாது.

செலவைக் காரணம் சொன்னால் அதற்குப் பதில் இருக்கிறது. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம், கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்திலும் பெண்களுக்குப் பயணம் இலவசம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். பொன்னேரி, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர், மெரினா ராணி மேரி என்று தூரம் பார்க்காமல் முதலில் எல்லாவற்றையும் எழுதி, உங்கள் பாடம் எங்கே இருக்கிறதோ அதை மேலே வையுங்கள். மகளிர் கல்லூரி என்றால் வீட்டில் சீக்கிரம் சம்மதம் கிடைக்கும், உண்மைதான், ஆனால் அதற்காகப் பாடத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மாமாவோடு நாங்கள் போய்வந்த அன்று ரயிலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, ரேஷன் கடை தாண்டியதும் வரிசையாக மூன்று தெருவிளக்கு எரியவில்லை. அங்கே நின்று, "இந்த இடம்தான்" என்றார். பதினாறு கிலோமீட்டர் ரயில் பயணமல்ல, அந்த நூறடிதான் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் இருந்தால் விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், விளக்கு எரியும்வரை விடாதீர்கள்.