இடைக்கால இலக்கியத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பிக்கிறீர்களா?

கம்பர், ஆழ்வார்கள், நாயன்மார்கள் காலத்துத் தமிழில் பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் பல்கலைக்கழகப் பட்டியலைத் தேடுவதற்கு முன் இரண்டாவது மொழி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பக்தி இலக்கியத்துக்குள் போனால் சமஸ்கிருதம் தவிர்க்க முடியாதது. திவ்யப் பிரபந்த வியாக்கியானங்கள் மணிப்பிரவாளத்தில், அதாவது தமிழும் சமஸ்கிருதமும் கலந்த நடையில், இருக்கின்றன. பழைய பதிப்புகளில் சமஸ்கிருதச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் வரும். கிரந்தத்தைச் சில வாரங்களில் பழகிவிடலாம், சமஸ்கிருதத்துக்குத்தான் காலம் வேண்டும்.

அமெரிக்காவில் சிகாகோ, பெர்க்லி போன்ற இடங்களில் தெற்காசியத் துறைகளில் தமிழ் இருக்கிறது. அங்கே பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் கிடைக்கும். கடைசி நாள் வழக்கமாக டிசம்பர், ஜனவரியில் வரும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குப் பணம் திரட்டுவதுதான் பெரிய பாடு. ஆகவே இடத்துக்கும் உதவித்தொகைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைவிட எழுத்து மாதிரி (நீங்கள் எழுதி இணைக்கும் ஆய்வுக் கட்டுரை) அதிகம் பேசும் என்பது என் திடமான கருத்து. "தமிழின் பெருமை" என்று பொதுவாக எழுதாதீர்கள். பத்துப் பாடல்களை எடுத்து, உரைகள் எங்கே முரண்படுகின்றன என்று காட்டி, உங்கள் வாசிப்பை வாதிடுங்கள். உங்களோடு வேலை செய்யக்கூடிய பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்று அவருடைய கட்டுரைகளைப் படித்துப் பார்த்துவிட்டு, சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இந்தியாவிலேயே படிப்பதானால் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிடுங்கள். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பணக்கவலை பெரிதும் தீரும். 2024 முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். சைவ ஆகமச் சுவடிகளில் ஆர்வமிருந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சுவடித் தொகுப்பை ஒருமுறை நேரில் பாருங்கள். ஆய்வுத் தலைப்பு அங்கேயே கிடைக்கக்கூடும்.