வருடக் கடைசியில் வாசிப்புக் கணக்கு: எங்கே பிசகுகிறோம்?

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் முகநூலில் பட்டியல்கள் இறங்க ஆரம்பித்துவிடும். 'இந்த ஆண்டு வாசித்தவை' என்று ஒரு தலைப்பு, கீழே நாற்பது ஐம்பது நூல்களின் பெயர், கூடவே அட்டைகளை அடுக்கி எடுத்த ஒரு படம். குட்ரீட்ஸில் இருப்பவர்களுக்கு அந்தத் தளமே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது: எத்தனை புத்தகம், எத்தனை பக்கம், எது பெரியது, எது சிறியது. இதையெல்லாம் பார்த்துவிட்டு நாமும் விரல்விட்டு எண்ணுவோம். எண்ணி முடித்ததும் கொஞ்சம் பெருமை வரும், இல்லாவிட்டால் குற்றவுணர்ச்சி வரும். இரண்டாலும் அடுத்த வருட வாசிப்புக்குக் காலணா பிரயோஜனமில்லை.

வருடக் கணக்குப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கே வாசிப்பு ஓடியது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கேட்காமல் வெறும் தொகையைக் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எண்ணிக்கையே எல்லாம் என்று நினைப்பது

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அதை முடித்தவர் பட்டியலில் ஒன்று என்று போடுவதா, ஐந்து என்று போடுவதா? ஒன்று என்றால், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் புரட்டியவரும் அறுபது பக்கக் கவிதைத் தொகுப்பை மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் முடித்தவரும் சமம். ஐந்து என்றால், அதே கதையை ஒரே தொகுதியாக வாங்கியவர் என்ன பாவம் செய்தார்? பக்கக் கணக்குக்குப் போனாலும் தீராது. நல்ல கவிதைத் தொகுப்பு ஒரு மாதம் கையிலேயே கிடக்கும், விறுவிறுப்பான தொடர்கதை ஐந்நூறு பக்கம் இரண்டு ராத்திரியில் தீர்ந்துவிடும்.

எண்ணை இலக்காக வைத்துக்கொண்டவர்களிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. அக்டோபர் தாண்டியதும் கை தானாக மெலிந்த புத்தகங்களைத் தேடும். ஐம்பதைத் தொட இன்னும் எட்டு பாக்கி என்றால் எழுநூறு பக்க நாவலை யார் எடுப்பார்கள்? உங்களிடம் பட்டியல் இருந்தால் கடைசி இரண்டு மாதத்தில் படித்தவற்றின் தடிமனைப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கிய பெரிய புத்தகம் வருடா வருடம் ஏன் தள்ளிப்போகிறது என்று தெரிந்துவிடும்.

எண் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், அதையாவது ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டாமா? வாரம் ஒன்று என்றால் வருடத்துக்கு 52. ஒன்றுக்குச் சராசரி 250 பக்கம் என்றால் 13,000 பக்கம். நாளுக்கு 36 பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. தமிழில் பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் தினம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். தீபாவளி, காய்ச்சல், கல்யாண வீடு, மார்ச் மாதத்து அலுவலகப் பாடு எதற்கும் விடுப்புக் கிடையாது. 24 புத்தகம் என்றால் 6,000 பக்கம், நாளுக்குப் பதினாறு பதினேழு. அரை மணி நேர வேலை. வேலைக்கும் போய்க் குடும்பத்தையும் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது கணக்கே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பரில் உட்கார்ந்து நினைவுபடுத்துவது

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதிவைத்தார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்க்கிறது, அப்புறம்தான் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. நாவலை அர்த்தமில்லாத அசையோடு சேர்க்க முடியாது, உண்மைதான். ஆனாலும் பிப்ரவரியில் படித்த சிறுகதைத் தொகுப்பில் எந்தக் கதை பிடித்தது என்று டிசம்பரில் கேட்டால் பலருக்கு அட்டையின் நிறம்தான் ஞாபகம் வரும். அப்படித் தயாராகும் பட்டியலில் சமீபத்தில் படித்தவையும் ஊரே பேசிய புத்தகங்களும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சத்தமில்லாமல் நம்மைக் கொஞ்சம் மாற்றிய புத்தகம் விடுபட்டுப் போகும்.

முடித்த அன்றைக்கே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சொந்தப் புத்தகம் என்றால் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தேதியும் இரண்டு வரியும் போதும். நூலகப் புத்தகம் என்றால் கைப்பேசியில் எழுதுங்கள், தயவுசெய்து புத்தகத்தில் வேண்டாம். எழுதும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுவது முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இதற்கு நேரெதிரான பைத்தியமும் உண்டு. எக்செலில் பன்னிரண்டு பத்தி போட்டு, பதிப்பாண்டு, மொழிபெயர்ப்பாளர், நட்சத்திரம், மனநிலை என்று நிரப்ப ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பிப்ரவரியைத் தாண்டுவதில்லை.

பாதியில் விட்டதை மறைப்பது

என்னைக் கேட்டால் வருடக் கணக்கில் அதிகம் சொல்லித்தரும் பகுதி இதுதான். ஆனால் இதைத்தான் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. முடித்த புத்தகங்கள் நம் ரசனையைச் சொல்லும். நம் நேரம், கண், தூக்கம், பொறுமை இவற்றின் உண்மை நிலவரம் வேண்டுமென்றால் விட்ட புத்தகங்களைத்தான் கேட்க வேண்டும்.

அலமாரியிலிருந்து அவற்றை எடுத்து வரிசையாக வையுங்கள். பேருந்துச் சீட்டோ, மருந்துக்கடை ரசீதோ, மடித்த மூலையோ, அடையாளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தையும் அதற்கு முந்தைய இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி ஒரு தாள் வரும்:

"ஜூன். பக்கம் 84. யார் யாருக்கு மச்சான் என்றே தெரியவில்லை."
"ஆகஸ்ட். பக்கம் 31. ராத்திரி. தூக்கம்."
"ஆகஸ்ட். பக்கம் 40. திரும்பவும் ராத்திரி, திரும்பவும் தூக்கம்."
"அக்டோபர். பக்கம் 12. எழுத்து ரொம்பப் பொடி."

நான்கில் ஒன்றிலாவது புத்தகம் மோசம் என்று இருக்கிறதா? இல்லை. முதலாவது, ரஷ்ய நாவல் படிப்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயரிலிருந்து வந்த பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப் பெயர். ஒரு துண்டுத் தாளில் ஆட்களைக் குறித்து அட்டைக்குள் செருகிவைத்தால் 84ஆம் பக்கம் தாண்டிவிடும். நடுவில் உள்ள இரண்டும் நேரக் கோளாறு. வரலாறு, பொருளாதாரம் மாதிரி கனமான புத்தகத்தை ராத்திரி பத்தரைக்கு எடுத்தால் தூக்கம்தான் வரும். அதைக் காலைக்கு மாற்றிவிட்டு, ராத்திரிக்குச் சிறுகதை வைத்துக்கொள்ளலாம். கடைசியில் இருப்பது கண் மருத்துவர் சமாசாரம். நாற்பதைத் தாண்டியவர்கள் பலர் 'இப்போதெல்லாம் வாசிப்பில் மனம் ஒட்டவில்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி போட்டதும் மனம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், நிஜமாகவே சலிப்பூட்டுகிற புத்தகங்கள். கையில் எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பள்ளிக்கூடம் நமக்குள் நன்றாகவே ஏற்றிவிட்டிருக்கிறது. பிடிக்காத ஒன்றை முடிக்கவும் மனமில்லாமல், அது கிடக்கும்போது இன்னொன்றைத் தொடவும் மனமில்லாமல் இரண்டு மாதம் போய்விடும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நூலகர்களுக்குச் சொன்னதுதான், நாமும் எடுத்துக்கொண்டால் குடிமுழுகிப் போகாது.

புத்தகக் காட்சிக்குப் போய் வந்த பிறகு கணக்குப் பார்ப்பது

சென்னைக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் ஆரம்பித்து இன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சி, பொங்கலை ஒட்டித்தான் வருகிறது. அதாவது வருடக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரமும் பர்ஸைத் திறக்கிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. போன வருடம் வாங்கியவை எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமலே போய், பத்து சதவீதக் கழிவில் இரண்டு பை நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டில் பார்த்தால் பீரோ மேலே போன ஜனவரியின் பை. உள்ளே ரசீது, இரண்டு பதிப்பக விலைப்பட்டியல், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பெரிய நாவல்.

போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைக் கீழே இறக்குங்கள். படிக்காமல் கிடப்பவற்றை ஏன் வாங்கினோம் என்று கேட்டுப் பாருங்கள். மேடைப் பேச்சைக் கேட்டு வாங்கியது, எழுத்தாளர் கையெழுத்துப் போடுகிறார் என்பதற்காக வாங்கியது, நண்பரின் புத்தகம் என்பதால் வாங்கியது என்று வகை பிரியும். எந்த வகை திரும்பத் திரும்பப் படிக்காமல் தங்குகிறதோ அந்த அரங்கில் இந்த முறை நடையை எட்டிப் போடலாம். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. தமிழ்ப் பதிப்பாளர்கள் பலர் ஜனவரி விற்பனையை நம்பித்தான் இருக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம். வீட்டில் படிக்காத புத்தகம் இருப்பதும் பாவமில்லை. சங்க இலக்கிய உரை மூன்று உறை பிரிக்காமல் இருக்கும்போது நான்காவதை வாங்குவதுதான் இடிக்கிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் ஜனவரியிலேயே அள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது. மாவட்டங்களிலும் வருடம் பூராவும் எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் படிக்க இடமில்லை, தொலைக்காட்சிச் சத்தம் என்பவர்கள் சென்னையில் இருந்தால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள், போன ஜனவரியின் நாவலோடு போய் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சிலவற்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது

மறுவாசிப்பைப் பலர் எண்ணுவதில்லை. பிள்ளைக்கு ராத்திரி வாசித்துக் காட்டிய கதைகள், வார இதழ், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இறக்கிப் படித்த பழைய நூல், பயணத்தில் கேட்ட ஒலிநூல் எதுவும் வாசிப்பாகத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் 'இந்த வருஷம் ஒன்றுமே படிக்கவில்லை' என்று சொல்பவர் பெரும்பாலும் இவற்றை மறந்துவிட்டுத்தான் சொல்கிறார்.

அடுத்தவர் பட்டியலோடு ஒப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு புத்தகம் போடுபவர் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவராக இருக்கலாம், மதிப்புரை எழுதுபவராக இருக்கலாம், பணி ஓய்வு பெற்றவராக இருக்கலாம். அவருடைய பட்டியலிலிருந்து இரண்டு நல்ல தலைப்புகளைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

ஜனவரி உற்சாகத்தில் இலக்கு வைப்பது

'இந்த வருடம் சங்க இலக்கியம் முழுவதும்' என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மொத்தம் 2,381 பாடல்கள், நாளுக்கு ஆறரை. அதில் ஒரு பாட்டு என்று கணக்கில் வரும் மதுரைக்காஞ்சி மட்டும் 782 அடி. உரையில்லாமல் நம்மில் பலருக்கு ஓடாது. பிப்ரவரியில் நின்றுவிடும், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கத் தோன்றாது.

குறுந்தொகையை எடுத்துக்கொண்டால் கதை வேறு. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். உரையோடு சேர்த்துப் படித்தாலும் ஒன்றுக்குப் பத்து நிமிஷம். ஜனவரி 1இல் தொடங்கி நாளுக்கு ஒன்றாகப் போனால் அடுத்த பிப்ரவரி முதல் வாரம் முடியும். நடுவில் இருபது நாள் விட்டுப்போனால் மாதக் கடைசிக்குள் முடியும். டிசம்பர் 31க்குள் முடிக்காவிட்டால் யார் அபராதம் போடப் போகிறார்கள்?

இலக்கு வைக்கும்போது முன்பு எழுதிய அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூங்கிவிடுகிறோம் என்று அதில் இரண்டு தடவை எழுதியிருக்கிறது. 'நிறையப் படிக்கணும்' என்று நேர்ந்துகொள்வதைவிட, காலை காபியோடு இருபது நிமிஷம் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது என்று முடிவுசெய்தால் நடக்க வாய்ப்பு அதிகம். எந்த மாதம் வருடா வருடம் வறண்டு போகிறது என்பதும் அந்தத் தாளில் தெரியும். கணக்குத் துறையில் இருப்பவருக்கு மார்ச், ஆசிரியருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் மாதம். அந்த மாதத்துக்கு இலக்கே வேண்டாம், முதலிலேயே கழித்துவிடுங்கள்.

ஜூன் கடைசியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதி தூரம்கூட வரவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். குட்ரீட்ஸிலேயே அதை வருட நடுவில் மாற்ற வழி வைத்திருக்கிறார்கள்.