இறால் ஆலையில் கன்வேயர் பெல்ட்டைக் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழுவாத இறால் ஆலை கிடையாது. அப்படியிருந்தும் மறுநாள் பரிசோதனையில் கிருமி தென்படுகிறது என்றால், பெரும்பாலும் கழுவிய இடம் ஒன்று, அழுக்குத் தங்கிய இடம் வேறொன்று.

மேல்பக்கம் கண்ணில் படுகிறது, அதனால் அதையே தேய்க்கிறார்கள். தோல் துணுக்கும் சதையும் சேர்வது அடிப்பக்கத்தில், உருளைகளில், பற்சக்கரத்தின் இடுக்குகளில். பிளாஸ்டிக் துண்டுகளைக் கீல்போல் கோத்த பெல்ட்டாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பற்சக்கரத்தைச் சுற்றி வளையும் இடத்தில்தான் அந்தக் கீல்கள் விரிகின்றன. தண்ணீரை அங்கே அடிக்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்தித் தூக்காமல் அடிப்பக்கத்தைத் தேய்க்கவே முடியாது. கையை உள்ளே விடுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டிவிடுங்கள். ஓடும் பெல்ட்டில் பிரஷ் பிடிப்பதை எந்த மேற்பார்வையாளரும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்த தவறு, அழுக்கின் மேலேயே குளோரின் கரைசலை ஊற்றுவது. புரதத்தோடு வினைபுரிந்தே குளோரின் தன் வீரியத்தை இழந்துவிடும். கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. முதலில் துணுக்குகளை வழித்தெடுத்து, நீரில் அலசி, சோப்பு நுரை காய்வதற்குள் தேய்த்து, மறுபடி அலசி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கிருமிநாசினி. உப்புப்படிவு நீக்கும் அமிலத்தைக் குளோரினோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

முதல் அலசலுக்குக் கொதிநீர் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். சூட்டில் புரதம் இறுகி, பெல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீர் போதும். உயர் அழுத்தப் பீச்சலும் ஆபத்தானது: தரையிலும் வடிகாலிலும் உள்ள கிருமியைத் துளிகளாகத் தூக்கி, கழுவி முடித்த பெல்ட்டின் மேலேயே தெளித்துவிடும்.

குளிரூட்டிய கூடம்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. உணவு வழியே நோய் பரப்பும் லிஸ்டீரியா என்ற கிருமி 4 டிகிரி செல்சியஸிலும் பெருகும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பண்ணை ஒன்றின் முலாம்பழங்களால் அந்தக் கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். பழங்களைக் கழுவி அடுக்கிய கூடத்தின் இயந்திரங்களிலும் அது சிக்கியது. அவை எளிதில் சுத்தம் செய்ய முடியாதவை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் கீறல்களில் அழுக்கு குடியேறும். ஓரம் பிரிந்து நூல் தெரியும் பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.