பாரசீகக் கம்பளம் வாங்கப் போறீங்களா? முதல்ல புரட்டிப் போடுங்க

போன மாசம் என் அக்கா மகன் ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினத்துக்கு ஒரு கம்பளத்தைக் காரில் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, ஒரிஜினல் பெர்ஷியன். கையால செஞ்சதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க." திண்ணையில் விரித்தோம். நல்ல சிவப்பு, நடுவில் பதக்கம். புரட்டினேன். முதுகு முழுக்கக் காடாத் துணி. ஓரத்தை நகத்தால் நெம்பியதும் ரப்பர் பசை மாவாக உதிர்ந்தது. துணியில் நூலைக் குத்தி இறக்கிப் பசை தடவிய சரக்கு அது. கை பட்டிருக்கிறது, ஆனால் ஒரு முடிச்சுகூட இல்லை. அவன் முகம் வாடியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

குவைத்தில் 14 வருஷம் கம்பளம் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தேன். வேலை சொல்லிக்கொடுத்தவர் ஈரானில் கம்பளத்துக்குப் பேர்போன காஷான் ஊர்க்காரர். காஷான் நெசவையும் பார்ஸ் மாகாணத்து நெசவையும் 2010இல் யுனெஸ்கோ தன் மரபுக்கலைப் பட்டியலில் சேர்த்தபோது பட்டறைக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

கடையில் ஒரு மூலையைப் புரட்டுங்கள். முன்னால் இருக்கும் பூ பின்னாலும் அதே தெளிவோடு தெரிய வேண்டும். தறியில் நெடுக்கே கட்டிய இரண்டு பாவு இழைகளில் கம்பளி நூலைச் சுற்றி இழுத்து வெட்டுவதுதான் ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை இழை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். அதனால் முதுகில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், வரிசை லேசாக ஏறி இறங்கும். கோடு போட்டதுபோல ஒரே சீராக இருந்தால் மெஷின் என்று சந்தேகப்படுங்கள். அப்புறம் குஞ்சத்தைப் பாருங்கள். பாவு இழையே வெளியே நீண்டு வருவதுதான் குஞ்சம். தனியாகத் தைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய கம்பளத்தில் பழுதுக்காகவும் தைத்திருப்பார்கள், நானே தைத்திருக்கிறேன்.

முடிச்சை எண்ண ஒரு ஸ்கேல் போதும். ஒரு அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: சில நெசவில் ஒரு முடிச்சே முதுகில் இரண்டு மேடாகத் தெரியும். ஒரே நிறம் எங்கு பார்த்தாலும் ஜோடியாகவே வந்தால், ஜோடியை ஒன்று என்று எண்ணுங்கள். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் அர்தபில் கம்பளம் 1539-40 காலத்தது. அதில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. உங்களுக்கு 150 கிடைத்தாலே நல்ல வேலை. ஆறுக்கு ஒன்பது அடியில் அது 11 லட்சம் முடிச்சைத் தாண்டும். ஒருவர் நாளுக்கு 8,000 போட்டாலும் 145 நாளுக்கு மேல் ஆகும். பேரம் பேசும்போது அந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஈரானில் ஊருக்கு ஊர் நெசவு மாறும். ஹெரிஸ் ஊர்க் கம்பளம் முரடு, நேர்கோட்டு டிசைன், ஆனால் தலைமுறை தாண்டி உழைக்கும். நாயினில் வெண்மையும் நீலமும், பூவின் ஓரத்தில் பட்டு. கோம் என்றால் பட்டுக்குப் பேர்போனது. நகரத்துப் பட்டறையில் கட்டம் போட்ட தாளை எதிரே வைத்து நெய்வார்கள், ஒரு கட்டம் ஒரு முடிச்சு. மார்கழிக்கு முன்னால் என் மனைவி நோட்டில் புள்ளி வைத்துப் பழகுவது அப்படியே அதுதான். காஷ்காய் நாடோடிப் பெண்களோ பெரும்பாலும் தாளே இல்லாமல் மனசிலிருந்து நெய்கிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். போத்தே என்ற வளைந்த மூக்கு உருவத்தைச் சிலர் சைப்ரஸ் மரம் என்பார்கள், சிலர் தீச்சுடர் என்பார்கள். நம் புடவைக்கரையில் அது மாங்காய். கிருஷ்ணகிரிக்காரன் கண்ணுக்குக் கிளிமூக்கு மாங்காயேதான்.

நிறத்துக்கு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேயுங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். சிவப்பு நடுவில் திடீரென்று ஒரு பட்டை வெளுத்துத் தெரிந்தால் அது குறை இல்லை. ஒரு பானைச் சாயம் தீர்ந்து அடுத்த பானையில் தோய்த்த நூல் அது, அப்ரஷ் என்பார்கள். பட்டு என்று சொன்னால் ஓர் இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வர வேண்டும். தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். காகிதம் எரியும் வாடை வந்தால் பட்டு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் எதிரி தூசி. கிரானைட் வெட்டும் ஊர் நம்முடையது. அந்தப் பொடி கம்பளியின் அடியில் தங்கிவிட்டால் மிதிக்க மிதிக்க இழையை அறுக்கும். மாசம் ஒரு தடவை கவிழ்த்துப் போட்டு முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள், பொடி தரையில் கொட்டும். வாக்குவம் கிளீனரைக் குஞ்சத்தில் வைக்காதீர்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுங்கள். சோபா அடியில் வெளிச்சம் படாத இடத்தில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும், அங்கே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காபி கொட்டினால் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி, பச்சைத் தண்ணீர் தொட்டு மறுபடி ஒற்றுங்கள். சோப்புத்தூள் போட்டு மொட்டைமாடியில் அலசி, நீலம் வெள்ளையில் இறங்கிய கம்பளங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஊருக்குப் போவதானால் மடிக்காமல் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டி போதும்.